கம்பியூட்டருக்குப் பங்கு பிரித்த கதை

எங்கள் வீட்டுக்குக் கம்பியூட்டர் வந்த விதத்தை யாரிடமாவது சொன்னால், "நீங்கள் வாங்கினது கம்பியூட்டரோ, படகோ?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அந்த நாளில் எங்களுக்கே வித்தியாசம் சரியாகப் பிடிபடவில்லை.

அப்போது நான் எட்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். மன்னார்த் தீவின் கரையோர ஊர் எங்களுடையது. அப்பாவும் சித்தப்பாவும் கடலுக்குப் போகிறவர்கள். அவர்கள் அறுக்குளா மீனைத் துரத்திக்கொண்டிருக்க, நான் கார் ஓட்டுகிற கேம் ஒன்றை மனதால் துரத்திக்கொண்டிருந்தேன். சினேகிதன் ஒருவன் வீட்டில் ஒரே ஒரு தடவை ஓடிப் பார்த்தது. அன்றிலிருந்து சோற்றுக் கோப்பையைக்கூட ஸ்டியரிங் போலத்தான் பிடிப்பேன்.

அடுத்த ஒழுங்கையில் இருந்த மச்சானுக்கும் இதே நோய். மாமாவின் மகன், என் வயதுதான். அக்காவுக்கோ வேறு தேவை. அவள் உயர்தரத்தில் கணிதம் படித்தாள். கம்பியூட்டர் இருந்தால் படிப்புக்கு உதவும் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தனியாக ஒன்றை வாங்க மூவரில் ஒருவருக்கும் வக்கில்லை. ஆகவே ஊர் வழக்கப்படி கூட்டுச் சேர்ந்தோம். ஒருவர் படகு போடுவார், ஒருவர் எஞ்சின் போடுவார், ஒருவர் வலை போடுவார் இல்லையா, அதுபோல. மதர்போர்ட், புரொசசர், உள்ளே இருக்கிற மற்றச் சாமான்கள் மச்சானுடைய பொறுப்பு; மாமா வெளிநாட்டிலிருந்து அனுப்பியதில் அது நடந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக் கொடுத்து வைத்திருந்ததில் கேசிங் என்கிற வெளிப்பெட்டியும் பவர் சப்ளையும் அக்கா வாங்குவதாக ஏற்பாடு. கோயிலில் நான் உறுதிபூசுதல் எடுத்தபோது ஆட்கள் என் கையில் வைத்த காசில், திரையில் படம் காட்டுகிற கிராஃபிக்ஸ் கார்ட் என்னுடையது. பழைய மொனிட்டர் ஒன்றைச் சித்தப்பா எங்கிருந்தோ கொண்டுவந்து தந்தார்.

கம்பியூட்டரின் அளவைத் தீர்மானித்தது மாதா. எங்கள் வீட்டில் இருந்த ஒரே மேசை மாதா சுரூபத்துக்குக் கீழேதான் இருந்தது. மெழுகுதிரிக்கும் பூச்சாடிக்கும் இடம் விட்டு மிச்சம் எவ்வளவோ அவ்வளவுக்குள் உங்கள் சாமானை வைத்துக்கொள்ளுங்கள் என்று அம்மா சொல்லிவிட்டா. அக்கா அந்த மிச்சத்தை ரேப் பிடித்து அளந்துகொண்டு போய், பிஸ்கட் ரின்னைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு கேசிங்கை வாங்கிவந்தாள். நானும் மச்சானும் அதைப் பார்த்து வயிறு பிடித்துச் சிரித்தோம்.

பிறகு என் முறை. மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் இரண்டு காத்தாடி வைத்த நீளக் கார்ட் ஒன்று, பாவித்தது, மலிவாக இருந்தது. என்ன கேசிங் தம்பி என்று கடைக்கார அண்ணன் கேட்டார். அதெல்லாம் போடலாம் அண்ணை என்றேன். அந்தக் குரலில் எவ்வளவு அனுபவம் தொனித்ததோ, மனிதர் அப்படியே சுற்றித் தந்துவிட்டார். வரும்போது வீதியில் நின்ற கழுதைக்குக்கூட அதைக் காட்டினேன். அது மட்டும்தான் உண்மையான அபிப்பிராயம் சொன்னது, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வீட்டில் வந்து வைத்துப் பார்த்தால், பைக்குள் அடங்காத அறுக்குளாவின் வாலைப் போலக் கார்ட் கேசிங்குக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. தகரம் வெட்டுகிற கத்தரிக்கோலால் கேசிங்கில் ஒரு ஓட்டை போடலாம் என்பது என் யோசனை. அக்கா கேசிங்கைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். விவகாரம் சித்தப்பாவிடம் போனது. கரையில் மீன் பங்கு பிரிக்கிறவர் அவர்தான்; அவர் சொன்னால் சண்டை நின்றுவிடும்.

சித்தப்பா கார்டையும் பார்த்தார், கேசிங்கையும் பார்த்தார். "எஞ்சின் பெரிசெண்டா எஞ்சினை மாத்துவியளோ, படகை வெட்டுவியளோ?"

மாற்றப் போனேன். கடைக்கார அண்ணன் சிரிக்கவில்லை. அலுமாரிப் பக்கம் திரும்பி, கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு ஒற்றைக் காத்தாடி வைத்த குட்டிக் கார்ட் ஒன்றைத் தந்தார்.

எல்லாம் பூட்டி, திரையில் வெளிச்சம் வந்தபோது மச்சான் சிலுவை போட்டுக்கொண்டான். அடுத்த நிமிடமே யார் எப்போது பாவிப்பது என்ற சண்டை தொடங்கியது. எனக்கு வேண்டியது பின்னேரம். அப்போதுதான் வெயில் தணியும், வீட்டுப்பாடம் முடியும், ஓட்டத்தை வேடிக்கை பார்க்கப் பொடியன்களும் வருவார்கள். அக்காவும் அதே பின்னேரத்தைத்தான் கேட்டாள். மறுபடி சித்தப்பா.

அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கரையில் செய்வதைப் போலவே செய்தார். முதலில் செலவைக் கழிக்க வேணும். கரண்ட் பில் கட்டுகிறவர் அப்பா. அது எண்ணெய்ச் செலவு. ஆகவே செய்தி நேரத்தில் கம்பியூட்டர் மூச்சு விடக்கூடாது என்று அப்பா தன் பங்கை எடுத்துக்கொண்டார். அடுத்தது வீட்டுக் கறிக்கு எடுக்கிற மீன். பிரான்சிலிருக்கும் பெரியம்மாவோடு முகம் பார்த்துக் கதைக்க ஞாயிறு காலையை அம்மா எடுத்துக்கொண்டா. மிச்சத்தைத்தான் பிரித்தார்.

"சித்தப்பா, என்னுடையதுதான் எஞ்சின்," என்றேன். "எஞ்சின் இல்லாட்டில் படகு ஓடுமோ?"

"ஓடாது. ஆனா இண்டைக்குக் கடலுக்குப் போறதோ, இல்லையோ எண்டு சொல்லுறவர் படகுக்காரர்தான்," என்றார். பின்னேரம் அக்காவுக்குப் போனது. எனக்கும் மச்சானுக்கும் பள்ளிக்கூடம் விட்டு வந்த கையோடு, கூரைத் தகரம் கொதிக்கிற அந்த நேரம். கார் ஓடும்போது வியர்வை கீபோர்ட்டில் சொட்டும்.

ஒரு கிழமைதான் பொறுத்தேன். எங்கள் கரையில் கூட்டாளிகளுக்குள் மனஸ்தாபம் வந்தால் எஞ்சின்காரன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு, ஊர் பார்க்க வீட்டுக்கு நடப்பான். மற்றவர்கள் பின்னாலே வந்து கெஞ்சுவார்கள். நானும் அக்கா ரியூசனுக்குப் போன நேரம் பார்த்துக் கேசிங்கைத் திறந்து என் கார்டைக் கழற்றினேன். தோளில் வைக்க அது தீப்பெட்டி கணக்கில் இருந்தபடியால் கையில் உயர்த்திப் பிடித்தபடி அறைக்குப் போனேன். தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, கெஞ்ச வருகிறவர்களிடம் என்ன நிபந்தனை போடுவது என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அக்கா வந்தாள். சுவிட்ச் போடுகிற சத்தம் கேட்டது. இப்போது கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கீபோர்ட் தட்டுகிற சத்தம் கேட்டது. தட்டிக்கொண்டே இருந்தாள். எட்டிப் பார்த்தால், திரையில் கணக்கு. படகு என் எஞ்சின் இல்லாமலே ஓடிக்கொண்டிருந்தது!

"புரொசசருக்குள்ளேயே படம் காட்டுற சாமான் இருக்கு, மடையா," என்றான் மச்சான் அடுத்த நாள். "உன்ர கார்ட் கேமுக்கு மட்டும்தான். அக்கா கடையில கேட்டுத்தான் இந்தப் புரொசசரை என்னை வாங்கச் சொன்னவ."

அதன் பிறகு என் நிலைமையைச் சொல்லவேண்டாம். கார்ட் இல்லாமல் கேம் ஓடாது. திருப்பிப் பூட்டினால் மானம் போகும். கொதிக்கிற மத்தியான நேரமும் எனக்கில்லை, பின்னேரமும் இல்லை. தலையணைதான் சரிவாக இருந்தது. கழுத்து நோவு கண்ட எஞ்சின்காரன் எங்கள் ஊரில் நான் ஒருவன்தான்.

சில நாள் போக, ஒரு பின்னேரம் அக்கா அறை வாசலில் வந்து நின்றாள்.

"கார்டை எடுத்துக்கொண்டு வா. கணக்குச் செய்து தலை களைச்சுப்போச்சு. நானும் ஒருக்கா ஓடிப் பாக்கப்போறன்."

நான் உடனே எழும்பவில்லை. எஞ்சின்காரனுக்கும் ஒரு மரியாதை இருக்கிறது அல்லவா? மூன்று வரை மெல்ல எண்ணிவிட்டு, பிறகுதான் ஓடினேன்.

அன்றிலிருந்து அவளுடைய பின்னேரத்தில் கடைசித் துண்டு எங்கள் இருவருக்குமானது. ஒரே கீபோர்ட்டில் இடப்பக்கம் அவள், வலப்பக்கம் நான். திரை இரண்டாகப் பிரியும், இரண்டு கார் ஓடும். வாசலில் பொடியன்கள். அக்கா பாவம், நல்லாகத்தான் தொடங்குவாள், முன்னாலும் போவாள். கடைசி வளைவு வந்ததும் கார் நேரே மதிலில் போய் முட்டும். ஒவ்வொரு நாளும் அதே வளைவு, அதே மதில். உயர்தரச் சோதனைக் காலத்தில்கூட ஒரு ஓட்டமாவது வந்து தோற்றுவிட்டுத்தான் புத்தகத்தைத் தொடுவாள். நான் இல்லாத ஒரு நாளில் அவள் மச்சானைத் தொடர்ந்து தோற்கடித்தாளாம். மச்சான் எவ்வளவு மோசமான ஓட்டக்காரன் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன்.

சோதனை முடிவு வந்தது. தூரத்துப் பல்கலைக்கழக வளாகம் ஒன்றுக்கு அக்கா தெரிவானாள். புறப்படுவதற்கு முதல் நாளும் ஓடினோம். அன்றும் மதில்தான்.

"அக்கா, உனக்கு ஓடவே தெரியாது," என்றேன்.

"ஓம், எனக்கெங்கை தெரியும்," என்றாள்.

அடுத்த நாள் மன்னார் பஸ் நிலையத்தில் அம்மா செபமாலையைக் கையில் திணித்தா, அப்பா பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். நான் அவளுடைய யன்னலுக்குக் கீழே நின்று, என்னிடமிருந்த அறிவு முழுவதையும் அவளுக்குக் கொடுத்தனுப்பினேன்: "வளைவு வர முதலே பிரேக்கைப் பிடிக்கோணும், அக்கா. மறந்திடாதை."

அவள் தலையாட்டினாள். கண் கலங்கியிருந்தது. எவ்வளவோ நாள் தொடர்ந்து தோற்றவள். கவலை இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.