பிலோமினா அக்கா கொளுத்தாத மெழுகுதிரி

பிலோமினா அக்கா போய்விட்டார் என்று அவருடைய தம்பி தொலைபேசியில் சொன்னபோது நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில், நித்திரையிலேயே முடிந்துவிட்டதாம். ஈரக் கையோடு அப்படியே நின்றேன். அழுகைக்கு நடுவில் அவர் ஒரு கேள்வியும் கேட்டார்.

"பேப்பருக்கு அறிவித்தல் குடுக்கவேணும். அத்தான்ரை பேருக்கு முன்னாலை என்ன போடுறது?"

லண்டன் ஹவுன்ஸ்லோவில் அக்காவை அறிந்த உங்களுக்கு இந்தக் கேள்வி உடனே விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம்மவர் மரண அறிவித்தலில் 'காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மனைவி' என்று போட்டால் கணவர் முன்பே இறந்தவர். அந்தச் சொல் இல்லாவிட்டால் அவர் உயிரோடு இருக்கிறார். நடுவில் போட ஒரு சொல் கிடையாது. அக்காவின் கணவர் மரியதாஸ் எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் மன்னாரிலிருந்து வவுனியாவுக்குப் பஸ் ஏறியவர். யுத்த காலம்; வழியில் துப்பாக்கிக்காரர் பஸ்ஸை மறித்துச் சிலரை இறக்கினார்கள். அவரும் இறங்கினார். அதற்குப் பிறகு அவர் இருக்கிறார் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தம்பிக்காரர் லண்டனுக்குக் கூப்பிட்டதால் அக்கா இங்கே வந்தார். என்ன போடுவது என்று யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில்தான் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தோம். தட்டு வர வர, பாண், பட்டர், கரண்டி என்று அடுக்கிக்கொண்டே இருக்கவேண்டும். "கொழும்புக்குப் போற பிளேன் எது எண்டு தெரிஞ்சா ஒரு பாண் கூட வைச்சுவிடலாம், என்ன பிள்ளை" என்பார் அக்கா. வேலை முடிந்து உடுப்பு மாற்றினால் கழுத்தில் தாலி தெரியும், நெற்றியில் பொட்டு இருக்கும். அதைப் பார்த்து வாய் சும்மா இருக்காத பெண்கள் இந்த ஊரில் நிறையப் பேர். யாரைச் சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

நவம்பரில், இறந்தவர்களுக்கு மெழுகுதிரி கொளுத்தும் கல்லறைத் திருநாள் வரும்போது கரைச்சல் கூடும். ஆன்மா அலையக்கூடாது, ஒரு பூசை ஒப்புக்கொடு என்று தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்கள் அவரைச் சுற்றி நின்று புத்தி சொல்வார்கள். ஒருமுறை நானும் பக்கத்தில் நின்றேன். அக்கா சத்தம் போடாமல்தான் கேட்டார்.

"உயிரோடை இருக்கிற மனிசனுக்கு ஆன்ம பூசை ஒப்புக்குடுத்திட்டு, அவர் வந்து நிண்டா நான் எந்த முகத்தோடை கதவைத் திறக்கிறது?"

அதன்பின் அந்த நாளில் அவர் பூசைக்குப் போவதை விட்டுவிட்டார். லீவு எடுத்துக்கொண்டு ரயிலேறி, லண்டனுக்கு வெளியே சர்ரே பக்க நாட்டுப்புறத்துக்குப் போய்விடுவார். வேலையிடத்தில் ஒரு கோடையில் எல்லோரையும் அங்கே சுற்றுலா கூட்டிப்போனபோது, நாங்கள் தேத்தண்ணிக் கடையில் இருந்து அரட்டை அடிக்க, அவர் மட்டும் ஓடைக்கரையால் நடந்து ஒரு சின்னத் தேவாலயத்தைக் கண்டுபிடித்திருந்தார். கத்தோலிக்கர்கள் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வார்கள். "ஆரும் இல்லாத கோயில் ஒண்டு இருக்கு. நீ சைவசமயம்தானே, உனக்கு இந்தப் பூசையளைப் பற்றி என்னட்டை என்ன கேக்கிறதெண்டே தெரியாது. வா" என்று என்னையும் கூட்டிப்போனார். என் கணவருக்கு எப்போதும் இரவு வேலை, பகலில் நித்திரை. எனக்கும் போக ஓர் இடம் தேவையாக இருந்தது.

சேறென்றால் அப்படி ஒரு சேறு. ஓடையோரமாக மூன்று பழைய தண்ணீர் ஆலைகள். ஒரு காலத்தில் தண்ணீர் விழுந்து மரச்சில்லு சுற்றி மா அரைத்த இடங்கள். முதலாவதில் யாரோ பணக்காரர் குடியிருந்தார், யன்னலில் பூச்சீலை. இரண்டாவதுதான் அந்தத் தேத்தண்ணிக் கடை. மூன்றாவதில் சில்லு உக்கிப்போய் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. அக்கா குளத்துத் தண்ணீரில் வயல் செய்த குடும்பம். அங்கே நின்று வாய்க்காலைக் குனிந்து பார்த்து, "இவ்வளவு தண்ணியை வீணா விடுறாங்கள், வெள்ளைக்காரனுக்குத் தண்ணி மறிக்கத் தெரியேல்லை" என்று ஏசுவார். அந்த இடத்தில் மட்டும் அவருடைய பழைய குரல் வரும்.

கோயில் கதவைத் திறந்ததும் அவர் முதலில் பீடத்தைப் பார்க்கமாட்டார். ஆட்கள் இருக்கும் நீள மர வாங்குகளைத்தான் பார்ப்பார், ஒரு வரிசை விடாமல். ஒருவரும் இருக்கமாட்டார்கள். பிறகு கடைசி வாங்கில் இருந்து, கைப்பையிலிருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்து மடியில் வைப்பார். மரியதாஸின் ஆன்மாவுக்குக் கொளுத்தவென்று கொண்டுவந்தது. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திரும்பப் பைக்குள் போடுவார். அடுத்த வருடமும் அதே திரிதான் வரும், கொஞ்சம் மஞ்சளாகி, கொஞ்சம் வளைந்து. ஒரு வருடம் எனக்குப் பொறுமை போய்விட்டது. குளிரில் கால் விறைத்துப்போயிருந்தது. ஒன்றில் கொளுத்துங்கள், இல்லையென்றால் எறிந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"அவரைத் தேட இப்ப நான் ஒராள்தான் மிச்சம், பிள்ளை. நானும் கொளுத்தினா அவர் செத்துப்போடுவார்."

ரயிலடிக்கு நடந்தோம்.

போன நவம்பரில் அவரால் இரண்டாவது ஆலைக்கு அப்பால் நடக்க ஏலவில்லை. நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்று தேத்தண்ணிக் கடையில் இருந்துவிட்டார். நான் தனியே போனேன். கதவைத் திறந்தேன், உள்ளே இருந்தேன், திரும்பி வந்தேன். கோப்பையைக் கையில் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தார்.

"ஆரும் இருந்தினமோ?"

"இல்லை அக்கா."

தலையாட்டினார். பையைத் திறந்து மெழுகுதிரியை எடுத்து என் கையில் தந்தார். "நீ வைச்சிரு. கொளுத்திப்போடாதை. அவர் வாற அண்டைக்கு வீட்டிலை கொளுத்துவம்" என்றார்.

இதெல்லாம் ஞாபகம் வந்தபின் யோசிக்க என்ன இருக்கிறது? தம்பிக்காரருக்கு எடுத்துச் சொன்னேன். 'மரியதாஸ் அவர்களின் அன்பு மனைவி' என்றே அறிவித்தல் வந்தது. முன்னால் ஒரு சொல்லும் இல்லை. பத்திரிகை வந்த அன்றே அந்த வாய் சும்மா இருக்காதவர்களில் ஒருவர் எனக்குப் போன் எடுத்தார், அப்ப மனிசன் இருக்கிறாரோ என்று. ஓம், இருக்கிறார் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மெழுகுதிரி என்னிடம் இருக்கிறது. மரியதாஸ் என்ற அந்த மனிதரை நான் ஒரு படத்தில்கூடப் பார்த்ததில்லை. நேரே வந்து நின்றாலும் எனக்கு அடையாளம் தெரியாது. ஆனால் அக்கா விட்டுப்போன வேலை இப்போது என் கையில். வருகிற கல்லறைத் திருநாளில் அந்தச் சேற்றில் நான் தனியே நடப்பேன். கதவைத் திறந்ததும் முதலில் வாங்குகளைப் பார்ப்பேன்.