அவள் கேட்ட மன்னிப்பு

கணவருக்குப் பெங்களூரில் வேலை. அரூரில் நானும் மூன்று வயது மகளும்தான். அன்று காய்ச்சலாயிருந்த மகளை ஸ்கூட்டியில் நிற்க வைத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். பின்னால் லாரி நெருங்கியது. முன்னால் சைக்கிளில் போன பள்ளி மாணவி விலகட்டும் என்று பயத்தில் ஹாரனை விடாமல் அழுத்தினேன். அவள் மிரண்டு, சாலையோர மண்ணில் சறுக்கி விழுந்தாள். முழங்கையில் ரத்தம்.

நான் நிறுத்தி வாய் திறப்பதற்குள், "சாரிங்க்கா, நான்தான் ஓரமா போயிருக்கணும். பாப்பா பயந்துக்கிச்சுங்களா?" என்றாள்.

அவள் ஓரமாகத்தான் போனாள்.

"பாத்துப் போம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மாலை போனில் கணவர், "வழியில ஒன்னும் பிரச்சனை இல்லியே?" என்றார்.

"இல்லைங்க."

இப்போதும் சைக்கிளில் போகும் மாணவிகளின் முகங்களைப் பார்த்துக்கொண்டே போகிறேன். தவறு தன்னுடையது என்றே அவள் இன்னும் நம்பிக்கொண்டிருப்பாள்.