நாயிடம் சொல்லிக்கொண்டு போனவர்

சாரம் பகுதியில் உள்ள எங்கள் வீட்டு மாடியறையை வெளியூர்க்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறோம். அப்படி வந்து மூன்று நாள் தங்கியவர் அவர். வெள்ளை மீசை, இஸ்திரி கலையாத சட்டை. வெளியே போகும்போதெல்லாம், படிக்கட்டின் அடியில் படுத்திருக்கும் எங்கள் நாயிடம் "போயிட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அதைத் தாண்டுவார்.

அறையைக் காலி செய்த அன்று, "நாய்னா அவ்ளோ பிரியமா சார்?" என்று கேட்டேன்.

"இல்லைங்க, பயம். சின்ன வயசுலேர்ந்து."

"சொல்லியிருந்தா கட்டிப் போட்டிருப்பனே."

"இது அதோட வீடுங்க. கட்டச் சொல்ல நான் யாரு?"

நாய்க்குப் பதினாறு வயது. அதற்கு ஒரு பல்கூடக் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். நாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பாத்துத் தாண்டுங்க சார்" என்று மட்டும் சொன்னேன்.