எதுவும் தெளிக்காத நாலு பாத்திகள்

எங்கள் ஊர் சாந்திபுரத்து ஆட்களெல்லாம் பெங்களூருக்கு ரயிலேறிய காலத்தில், நான் மட்டும் அதிபுத்திசாலியாக மனைவியோடு திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு விவசாயப் பண்ணையில் தினக்கூலி. ஊரில் கேட்டால் ஆராய்ச்சி செய்வதாகச் சொல்வேன். தைல மரத்து இலையை அண்டாவில் கொதிக்கவைத்து வடிகட்டுவதுதான் என் ஆராய்ச்சி. அதில் என் மூக்கடைப்பு மட்டும் நன்றாகக் குணமானது.

அந்தச் சாறு களையைக் கொல்லுமா என்று பண்ணை அதிகாரியான எங்கள் சார் சோதித்துக்கொண்டிருந்தார். பாய் அகலத்தில் எட்டு வேர்க்கடலைப் பாத்திகள். நாலில் சாறு தெளித்தோம். மற்ற நாலில் களையை அதன் போக்கில் விட்டோம், கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்க. இது நல்லபடியாக முடிந்தால் என்னை மாதச் சம்பளத்துக்கு எடுக்கச் சொல்வதாக சார் வாக்குக் கொடுத்திருந்தார்.

களையை எண்ணும் நாளன்று மனைவி சோறு கொண்டுவந்தாள். சின்ன வயதிலிருந்து அடுத்தவர் கொல்லைகளில் களையெடுத்தவள். அவளை வரப்பில் உட்காரவைத்துவிட்டு சாரை அழைத்துவரப் போனேன். அவர் கிளம்ப ஒன்றரை மணி நேரமானது. எதையும் தொடாதே என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது வரப்பில் களை குவிந்து கிடந்தது. சாறு தெளித்த பாத்திகளைவிடத் தெளிக்காத பாத்திகள் சுத்தமாக இருந்தன.

"இன்னாய்யா வேல பாக்கிற? பாதி காடா கெடக்குது. ஆபீசரு பாத்தா சும்மா உடுவாரா?" என்றாள் காதருகில். "அந்த மூல மட்டும் பாக்கி. வெயிலு தாங்கல, குந்திட்டேன்."

"எவரு சேசாரு இதி?" என்றார் சார். யார் செய்தது என்று.

"நேனே சார்," என்றேன். நான்தான்.

தன் உழைப்புக்கு நான் பெயர் வாங்கிக்கொள்வதாக நினைத்து அவள் சிரித்துக்கொண்டாள்.

சார் திட்டவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு நடந்தார்.

அவள் முகம் செத்துப்போயிற்று. "ஒரு மூலைக்காகவா வேலய எடுப்பாங்க? இருய்யா, அதையும் புடுங்கிட்டு வந்துர்றேன்."

"உடு. அந்த மூலைக்குத்தான் எடுத்தாங்க," என்றேன். விளக்கிச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

பிறகு ஸ்ரீ சிட்டியில் கம்பெனிக் கட்டடங்களுக்கு இருவரும் செங்கல் சுமந்தோம். உச்சி வெயிலில் மேஸ்திரியே உட்காரச் சொன்னாலும் அவள் உட்காரமாட்டாள். "நான் குந்தித்தான உன் வேல போச்சு," என்பாள். நான் நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைப்பேன்.