மாமாவின் தகரத்தில் இரண்டு கொட்டை கூடுதல்

அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் சங்கத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வாக்குச் சீட்டெல்லாம் கிடையாது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு, தேயிலைக் கொட்டைக்கோ பஞ்சமில்லை. ஆளுக்கு ஒரு கொட்டை. கம்பளி மறைப்புக்குப் பின்னால் இரண்டு மண்ணெண்ணெய்த் தகரங்கள், ஒன்றில் மஞ்சள் பூச்சு, மற்றதில் கரி. கொட்டை எதில் விழுந்தது என்று வெளியே நிற்பவர்கள் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவதாகப் புகார் வந்ததால், அந்த முறை தகரங்களுக்குள்ளே அடியில் சாக்கு விரித்தார்கள்.

மஞ்சள் தகரம் என் தாய்மாமாவுடையது. தோட்டத்துரையின் முன்னால் நின்று பேசப்போகிறவர் தலைவர்தான் என்பதால், மாமா முன்கூட்டியே தோல் செருப்பு வாங்கிவிட்டார். லயத்து வரிசை வீடுகளின் வாசலில் அவர் அதைப் போட்டு நடந்து பழகியதைப் பிள்ளைகள் நாங்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம்.

எண்ணினார்கள். மாமாவுக்கு ஒரு கொட்டை அதிகம். மாலையை எடுக்கும்போது எதிராளி கையைத் தூக்கினார்.

"மறுபடி எண்ணுங்க. ஆளையும் சேத்து எண்ணுங்க."

கொட்டைக் கணக்கு மாறவில்லை. ஓட்டுப் போட்டவர்களைக் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நிற்பதுபோல் வரிசையாக நிறுத்தி எண்ணியபோதுதான், ஆட்களைவிடக் கொட்டை இரண்டு கூடுதல் என்று தெரிந்தது. கள்ள ஓட்டு என்று கத்தினார்கள். எனக்கு ஒரே ஆச்சரியம். கொட்டை தகரத்துக்குள் குட்டி போடுமா?

அம்மா குனிந்து மாமாவின் தகரத்துச் சாக்கை உதறினாள். வெடித்த தேயிலைக்காயின் தோடு ஒன்று விழுந்தது.

"யாரோ காயை உரிக்காம அப்புடியே போட்டிருக்காங்க. உள்ள மூணு கொட்டை இருந்திருக்கு. ஆனா ஓட்டு ஒன்னுதாண்ணே."

இரண்டைக் கழித்தார்கள். மாமா ஒரே ஒரு கொட்டையில் தோற்றார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போனவர், தீபாவளிவரை எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

எனக்கு அம்மாமேல் பொல்லாத கோபம். சொந்த அண்ணன்! தோட்டைப் பேசாமல் மடியில் கட்டியிருக்கலாமே என்று கேட்டேன்.

"நம்மகிட்ட இருக்கிறதே இந்த ஒரு ஓட்டுத்தாண்டி. அதுவாச்சும் சரியா இருக்கட்டும்" என்றாள்.

பிறகு நாட்டுக்குப் பொதுத்தேர்தல் வந்தது. கீழே கிராமத்துச் சிங்களவர்கள் வெள்ளை உடுத்திப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுப் போடப் போவதை மலையிலிருந்து பார்த்தேன். நாம் ஏன் போகவில்லை என்றேன்.

"நம்மள இந்த நாட்டு ஆளுங்கன்னு எழுதிக்கல. நமக்கு ஓட்டு இல்ல" என்றாள் அம்மா, கொழுந்து கிள்ளியபடியே.

ஓட்டு இல்லாததற்கா போகவில்லை என்றிருந்தது எனக்கு. வெட்டாமல் உயர வளரவிட்ட தேயிலை மரங்களின் அடிக்கு ஓடினேன். பாவாடை நிறையக் கொட்டை பொறுக்கிவந்து, அம்மாவிடம் நீட்டினேன்.