மூன்றாவது பலகை

யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள எங்கள் ரப்பர் தோட்டத்தில் செலினா பால்வெட்டுக்காரி. மரங்களில் பால் வெட்டி முடித்து, வாளிகளோடு தோட்டத்துப் பிக்கப்பின் பின்தட்டில் ஏறினால், பால் சேர்க்கும் ஸ்டோர் வந்து சேரும்வரை பாடிக்கொண்டே வருவார். அந்த வண்டியின் சாரதி நான். வளைவுகளில் வேகத்தைக் குறைத்தது பாலுக்காக மட்டுமல்ல, அந்தப் பாட்டுக்காகவும்தான்.

1994 ஜூன் 14ஆம் திகதி பின்தட்டுப் பலகை உடைந்து அவருடைய வலக்கால் முறிந்தது. பலகை உக்கிவிட்டதென்று அதற்கு முன்பே நான் தோட்ட நிர்வாகத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதியிருந்தேன். பிரதிகள் இன்றும் என் ஃபைலில் உள்ளன. ஆயினும் “சாரதி வேகமாக ஓட்டினார்” என்ற வாக்குமூலத்தின் கீழே செலினாவின் பெருவிரல் அடையாளம் இருந்தது. எனக்கு வேலை போனது. தச்சு வேலையை நானாகவே கற்றுக்கொண்டேன். முப்பது வருடங்கள் ஞாயிறுதோறும் ஒரே கோயிலில் இருந்தும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

கடந்த பெப்ரவரியில், அந்தப் பிக்கப்பை வாங்கிப் புதுப்பித்துக்கொண்டிருந்த கடைக்காரர் ஜுனைதீன், பின்தட்டுக்குப் பலகை போட என்னை அழைத்தார். பழைய பலகை ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் விபத்துக்கு மறுநாள் நான் அளந்து குறித்த தாள் அதே ஃபைலில் இருந்தது. அதன்படியே எட்டுப் பலாப் பலகைகளைச் சீவி, நெருக்கி அடுக்கி, போல்ட் முடுக்கினேன்.

அன்று கடைக்கு வந்த செலினா, கைத்தடியை ஊன்றி நின்று, வண்டியைக் காட்டி ஜுனைதீனிடம் கேட்டார்.

“என்னங்க நானா, கிழவிக்குப் பவுடர் பூசுறீங்களா?”

“மகள்ட கலியாணத்துக்கு மாப்புள இதுலதான் வாறாரு,” என்றார் ஜுனைதீன். “ஏறிப் பாருங்களேன்.”

“ஏறுனதெல்லாம் போதுங்க.” பலகைகளைக் குனிந்து பார்த்தவர் என் பக்கம் திரும்பினார். “சாள்ஸ் அண்ணே, இப்படி ஒட்டிப் போட்டா மழைக்கு ஊதித் தூக்கிக்குமே.”

நான் தாளை நீட்டினேன். “அளந்து போட்டதுங்க.”

“ஜூன் மழையில அளந்திருக்கீங்க. ஊறி ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும். வெயிலுக்குக் காஞ்சா நடுவுல சந்து தெரியும், எங்க பால்வெட்டுக் கத்தி முதுகு அளவு. என் தோடு அதுலதானே விழுந்துச்சு? வண்டிய நிப்பாட்டித் தேடிக் குடுத்தது நீங்கதான்.”

எண்கள் சரியாகத்தான் இருந்தன. அளந்த நாள்தான் பிழை. எல்லா போல்ட்டுகளையும் கழற்றி, பலகைகளின் ஓரங்களைச் சீவினேன். மறுநாள் செலினா தம் பழைய கத்தியைக் கொண்டுவந்து, சந்துக்குச் சந்து அதன் முதுகை வைத்துப் பார்த்தார். இடப்புறமிருந்து மூன்றாவது பலகையில் அவர் கை நின்றது.

“இதுதான் உக்கிப் போயிருந்துச்சு. நீங்க மெதுவாத்தான் வந்தீங்க.”

“அப்ப ஏன் விரல் வச்சீங்க?”

“ஆஸ்பத்திரிக்குக் குடுக்குற கடுதாசின்னு தோட்டத்துக் கிளாக்கர் சொன்னாரு. வலியில வச்சிட்டேன். விஷயம் தெரிஞ்ச பொறகு உங்க மூஞ்சியப் பார்க்க முடியலண்ணே.”

“எழுதி வாங்குங்க சாள்ஸ்,” என்றார் ஜுனைதீன். “உங்கட ஃபைல்ல அது ஒண்டுதான் குறை.”

“கொண்டாங்க,” என்றார் செலினா. “இப்ப கையெழுத்தே போடுவேன்.”

நடந்ததை நான்கு வரியில் எழுதினேன். பின்தட்டில் ஏறி இருந்துதான் போடுவேன் என்றார். ஸ்டூல் வைத்தோம். கைத்தடியை என்னிடம் தந்துவிட்டு ஏறி, மூன்றாவது பலகையில் அமர்ந்து, எழுத்தெழுத்தாகத் தம் பெயரை எழுதினார். பிறகு பக்கத் தகட்டில் இருமுறை தட்டினார். வண்டியை எடுக்கச் சொல்லி அந்நாளில் பெண்கள் தட்டுவது அப்படித்தான்.

ஜுனைதீன் சாவியைத் தந்தார். முதல் வளைவில் வேகத்தைக் குறைத்தேன்.