வாய்க்கால் கரைப் பூவரசை ஊன்றியவன் நான்

கம்பத்தில் வாழைக்காய் மண்டி வைத்தேன், பிறகு சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்தேன், கேரளத்து எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பின் பின்னால் தொற்றிக்கொண்டு போன அதே மலைப்பாதையில் இன்றைக்கு இரண்டு லாரி ஓட்டுகிறேன், ஊரிலேயே முதல் மாடி வீட்டையும் கட்டினேன். ஏழாம் வகுப்பைத் தாண்டாதவன், தூக்கிவிட ஒரு சொந்தம் இல்லாதவன் இதையெல்லாம் செய்தான் என்பதை ஊர் ஒத்துக்கொள்ளும். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால், பதின்மூன்று வயதில் நான் செய்த ஒரு வேலையை மட்டும் எவரும் ஒத்துக்கொள்வதில்லை. அதை நினைத்தாலே பச்சைப் பூவரசம் பட்டையின் வழவழப்பு உள்ளங்கையில் ஒட்டுகிறது, அந்தப் பச்சை வாசம் மூக்கில் ஏறுகிறது, கூடவே கோபமும் ஏறுகிறது.

தொண்ணூற்றேழோ எட்டோ இருக்கும். மலையிலிருந்து லோயர் கேம்ப்பில் இறங்குகிற தண்ணீர் எங்கள் ஊர் மடைக்கு வந்து, கிளை வாய்க்காலில் பிரிந்து, எல்லோருக்கும் கடைசியாக என் அய்யாவின் குத்தகைத் தோட்டத்தைத் தொடும். மடையருகே வாய்க்கால் கரையில் வரிசையாக ஏழெட்டுக் கிழட்டுப் பூவரசுகள். அவற்றின் அடியில் மடைக்கருப்பு என்று ஒரு கல்லும் ஒரு மணியும் உண்டு. மடையை அகலப்படுத்த வேண்டும் என்று மரங்களை ஏலத்தில் விட்டார்கள். ஏலம் எடுத்த வெளியூர்க்காரர் அடிமரங்களை அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு, கொப்புகளையும் "மிலாறு" என்று நாங்கள் சொல்லும் பொடிக் கிளைகளையும் கிளை வாய்க்காலுக்குள் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

வேறு மரமாக இருந்தால் ஒரே பொழுதில் பெண்கள் விறகுக்கு அள்ளிப் போயிருப்பார்கள். சாமி நின்ற இடத்து மரத்தை அடுப்பில் வைக்கக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டு. இலையை ஆடு கடித்ததோடு சரி, ஒரு சுள்ளியைக்கூட யாரும் தொடவில்லை. தண்ணீர் அந்தக் குவியலில் முட்டி மேலே உள்ள வயல்களுக்கே திரும்பிப் போனது. எங்கள் வாழையோ குலை தள்ளுகிற நேரம். இலை நுனி கருக ஆரம்பித்துவிட்டது. அந்த வாழை போனால் குத்தகையும் போகும், நாங்களும் ஏலக்காய்த் தோட்டத்துக்கு மலையேற வேண்டியதுதான்.

வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிறவரை "நீர்பாய்ச்சி" என்போம். அவரிடம் போய் நின்றேன்.

"மாமா, அடைப்ப எடுத்துவிடுங்க. வாழ கருகுது."

"நான் அத எடுத்தா கருப்பு என்னைய எடுத்துரும். ஒங்க அய்யா வாழைக்கு நான் வாய்க்கரிசி வாங்கணுமாக்கும்? போலே!"

வீட்டில் அய்யா தலையைக் குனிந்துகொண்டு, "பெரியாளுகளே தொடாம இருக்காக, நம்ம என்னத்த செய்ய?" என்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அடிமரம் லாரியில போனப்ப கோவிக்காத சாமி சுள்ளிக்கா கோவிக்கும்?" என்று கேட்டேன்.

"வாயக் கழுவுடா!" என்று ஆத்தா கையை ஓங்கினாள். ஓங்கிய கையை அப்படியே இறக்கி, "சரி, எடுக்குறன்னே வையி. எங்கன போடுவ? எவன் வயல்ல போட்டாலும் அருவாளத் தூக்கிட்டு வருவான்" என்றாள்.

அதுதான் பேச்சு. எரிக்கக் கூடாது, விற்கக் கூடாது, எவன் நிலத்திலும் போடக் கூடாது. மறுநாள் காலையில் குவியலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மரம் போனதால் கரையும் பொலபொலவென்று வாய்க்காலுக்குள் சரிந்துகொண்டிருந்தது. அடுப்பில் வைக்கக் கூடாது என்றுதானே கட்டு, கரையில் ஊன்றக் கூடாது என்று எவரும் சொல்லவில்லையே! அய்யாவின் கடப்பாரையால் குழி போட்டேன். கைப்பருமன் கொப்புகளை ஆளுயரத்துக்கு வெட்டி ஊன்றினேன். மிலாறுகளை அவற்றுக்கு இடையில் பின்னிச் சரிந்த மண்ணை அணைத்தேன். ஒன்பது நாள், ஒற்றை ஆள். போகிறவர்களுக்கெல்லாம் நான் வேடிக்கை. "என்னடா, கருப்புக்குப் படல் கட்டுறியா? கதவு எந்தப் பக்கம்?" என்றார் நீர்பாய்ச்சி. பத்தாம் நாள் தண்ணீர் எங்கள் தோட்டத்துக்கு வந்தது. வாழை பிழைத்தது, அந்த வருசம் நாங்கள் மலையேறவில்லை.

அடுத்த மாதம் அந்தக் கொப்புகள் துளிர்த்தன. பூவரசில் பருங்கொப்பை வெட்டி ஊன்றினால் வேர்விடும், அதற்குப் "போத்து" என்று பெயரே உண்டு என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. செத்த கட்டை என்று நினைத்துத்தான் ஊன்றினேன். ஊரோ மடைக்கருப்பு திரும்பி வந்துவிட்டது என்று கல்லுக்கு மாலை போட்டுப் பொங்கல் வைத்தது. "நான்ல ஊன்டுனேன்" என்று கூட்டத்தில் சொன்னேன். "ஊன்டுனது நீ, தழைய வச்சது யாருடா?" என்று நீர்பாய்ச்சி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஒரு வாய்ப் பொங்கல் கிடைத்தது, அவ்வளவுதான். சாமிக்குத்தானே போகிறது என்று விட்டுக்கொடுத்தேன்.

சாமிக்கு விட்டுக்கொடுத்ததை ஊரில் மரம் வளர்க்கும் சங்கத்துக்கு விட்டுக்கொடுக்க முடியுமா? போன மாதம் அந்தப் பக்கம் போனால், பூவரசு வரிசைக்கு முன்னால் பச்சைப் பலகை ஒன்று நிற்கிறது. இந்த நிழல் வரிசை எங்கள் சங்கம் நட்டு வளர்த்தது என்று எழுதி, தலைவர் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். செயலாளராக இருக்கிற தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அண்ணே, நாங்க வருசா வருசம் தண்ணி ஊத்துறோம்ல!"

வாய்க்கால் கரை மரத்துக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற ஆட்களை நான் அன்றுதான் பார்த்தேன். "நீங்க நட்டதுன்னா, வாய்க்கால் பாலத்த ஒட்டி நாலு மரத்துக்கு எடம் ஏன் வெறுமையாக் கெடக்கு, சொல்லு" என்றேன். பதிலையும் நானே சொன்னேன். கடைசி நாள், கை ஓய்ந்துபோய் நாலு கொப்பைத் தலைகீழாக ஊன்றிவிட்டேன், அவை மட்டும் பட்டுப்போயின. நட்டவனுக்குத்தான் அவன் செய்த பிழை எங்கே என்று தெரியும்.

இன்றைக்கு அய்யா இல்லை. நீர்பாய்ச்சியும் இல்லை, அந்த வேலையும் இல்லை. கருப்பின் மணியை எவனோ கழற்றிப் போய்விட்டான். எங்கள் குத்தகைத் தோட்டத்தில் வீட்டுமனைக் கல் ஊன்றியிருக்கிறார்கள். மிச்சம் நிற்பது அந்த மரங்கள் மட்டும்தான். பலகையை எடுக்கச் சொல்லவில்லை. வெட்டிப்போட்டு எவரும் தொடாத கொப்புகளை ஊன்றி இந்த வரிசையை உண்டாக்கியவன் இன்னார் என்று, என் அய்யா பெயரோடு சேர்த்து என் பெயரை எழுதச் சொல்கிறேன். பெயிண்ட் நான் வாங்கித் தருகிறேன். எழுத வேண்டிய இடம் தலைவர் பெயருக்கு மேலே.